தம்பி வரிசை

தைப்பிங் மலை,
20 ஜூன் 1926

தங்கை நல்லம்மாளுக்கு, மலை பங்களாத் தோட்டத்திலிருந்து அண்ணன் பழனியப்பன் எழுதுவது. நானும் உன் மகள் செல்லாயியும் இங்கே இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளை இராமசாமியும் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

நாலு மாதமாக நீ எழுதவில்லை. நான் போட்ட மூன்று கடுதாசிக்கும் பதில் இல்லை. உன் பழைய கடுதாசிகளை எல்லாம் தகரப் பெட்டியில் வைத்திருக்கிறேன். பிப்ரவரியில் வந்ததை மட்டும் முறைப்படி படித்ததும் கிழித்துப் போட்டுத் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டேன். சீனி போய்விட்டான், செல்லாயிக்குச் சொல்லாதே, இரண்டே வரிதான் அதில் இருந்தது. நானும் சொல்லவில்லை. கடுதாசியில் என்ன என்று அவள் கேட்டபோது, "தம்பிக்குக் காச்சல் இறங்கிருச்சும்மா" என்றேன். செத்த பிள்ளைக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டது என்று சொன்ன வாய் இது.

இன்று ரயிலில் ஒரு கூடை அனுப்புகிறேன். கோபத்தில் தூக்கி எறிந்துவிடாதே, முதலில் படி. மார்ச் மாதம் துரைசாணி சீமை விதைப் பொட்டலத்தில் மிச்சத்தை என்னிடம் கொடுத்தாள். காரட், மஞ்சள் முள்ளங்கி என்பார்களே அதுதான். பிள்ளை எந்நேரமும் மலைப் படியைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறதே என்று சமையல்கட்டுக்குப் பின்னால் கல் பொறுக்கி ஒரு பாத்தி கொத்திக் கொடுத்தேன். விதை ரொம்பப் பொடிசு. மணலில் கலந்து தூவச் சொன்னேன். இரண்டு வரிசை போட்டாள். "இது என்னுது. இது தம்பியுது" என்றாள்.

முளைத்து விரல் உயரம் வந்ததும் நெருக்கமாக நிற்பதைக் களைந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் எதுவுமே பருக்காது. அதைச் சொன்னபோது அவள் கையை எடுத்துக்கொண்டாள். "எது இருக்கணும், எது போகணும்னு யார் மாமா சொல்றது?" என்று கேட்டாள். நானே களைந்தேன்.

கூடையில் இருக்கும் ஆறும் தம்பி வரிசையில் பிடுங்கியவை. "வேக வைக்க வேணாம், பச்சையா திங்கச் சொல்லு மாமா" என்று அவளே இலையில் சுற்றிக் கட்டினாள். நான் எப்படி அனுப்பாமல் இருப்பேன்? அவளிடம் சொல்லிவிடட்டுமா நல்லம்மா? சரி என்று ஒரு வரி எழுது.

அண்ணன்
பழனியப்பன்

*

சிலிம் ரிவர் தோட்டம்,
2 ஜூலை 1926

அண்ணனுக்கு.

கூடை வந்தது. நல்லம்மா வீட்டுக்குச் சீமைக் கிழங்கு வந்திருக்கிறது என்று லயத்து வீட்டுச் சனம் முழுக்க வந்து எட்டிப் பார்த்தது. யார் அனுப்பினது, யாருக்கு அனுப்பினது என்று கேட்டார்கள். நான் என்ன சொல்ல? மாட்டுக்கு என்றேன். அப்படியே மாட்டுக்குப் போட்டேன்.

இப்போது சொல்லட்டுமா என்று கேட்கிறாய். கேட்க வேண்டிய நேரத்தில் நீ எதையும் கேட்கவில்லை. இங்கே காய்ச்சல் பரவிய சமயம், மலையில் கொசு கிடையாது, ஒரு பிள்ளையை அனுப்பு என்று எழுதினாய். இரண்டையும் அனுப்பு என்று எழுத உனக்கு மை தீர்ந்துபோனதா? ஒன்றை அனுப்பு என்றால் ஒன்றை வைத்துக்கொள் என்றுதானே அர்த்தம்? செல்லாயி அழுதுகொண்டே ரயிலேறினாள். சீனி என் இடுப்பில் உட்கார்ந்து அவளுக்குக் கை காட்டினான். அதற்குப் பதினாறாம் நாள் அவனைப் ரப்பர் பால் மரத்துக்கு அப்பால் ஆற்றோரத்தில் புதைத்தோம். அந்த மாதம் ஆயாக்கொட்டகையில் மட்டும் ஏழு தொட்டில் காலியானது. உங்கள் மலையில் எத்தனை?

அவளிடம் சொல்லாதே. சொன்னால் எனக்கு அண்ணன் என்று ஒருவன் இல்லை.

ஆறையும் மாட்டுக்குப் போடவில்லை. ஒன்றை எடுத்து வைத்திருக்கிறேன். கைக்குள் அடங்கும் அளவுதான் இருக்கிறது. அவன் வரிசையில் இன்னும் எத்தனை இருக்கிறது?

நல்லம்மாள்

*

தைப்பிங் மலை,
18 ஜூலை 1926

நல்லம்மா,

நீ திட்டினாலும் எழுதினாயே, அதுவே போதும்.

தம்பி வரிசையில் பதினாலு இருக்கிறது என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் வேறு ஒன்று நடந்திருக்கிறது. உன்னிடம் சொல்லலாமா கூடாதா என்று நாலு நாளாக யோசித்தேன்.

போன செவ்வாய்க்கிழமை காலையில் பார்த்தால் அந்த வரிசையில் மூன்று செடி தலை வாடி நின்றது. தொட்டேன், கையோடு வந்துவிட்டது. யாரோ பிடுங்கிப் பார்த்துவிட்டு, அதே குழியில் திரும்பச் செருகி, மண்ணைத் தட்டி வைத்திருக்கிறார்கள். எலியாக இருந்தால் கடித்திருக்கும். குரங்காக இருந்தால் தின்றுவிட்டுத் தோட்டத்தையே நாசம் பண்ணியிருக்கும். பிடுங்கியதைத் திரும்ப நடுகிற மிருகத்தை நான் பார்த்ததில்லை. செல்லாயியின் வரிசையில் ஒரு இலை கசங்கவில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் மேகம் இறங்கி, எதிரே நீட்டிய கை தெரியாத அளவுக்குத் தோட்டம் வெளுத்துப் போயிருந்தது. காற்று துளிகூட இல்லை. பாத்திப் பக்கம் இலை மட்டும் சலசலவென்று அசையும் சத்தம் கேட்டது. "யாரு?" என்றேன். சத்தம் நின்றது. கிட்டே போய்ப் பார்த்தால் இன்னும் இரண்டு செடி பிடுங்கிச் செருகியிருக்கிறது. மண்ணில் விரல் பதிந்த தடம், சின்ன விரல். இருபது வருடமாக மலையில் தனியாகக் கிடந்தவன் நான். அன்றைக்குத்தான் பயந்தேன்.

செல்லாயியைக் கேட்டேன். அவள் தலையைத் தூக்காமலே, "தம்பிதான் வந்து பாத்துட்டுப் போறான் மாமா. நீ திட்டாதே" என்றாள்.

பிறகு கேட்டாள், "அம்மா என்னைக் கூட்டிட்டுப் போக எப்ப வரும்?" என்ன சொல்லட்டும்?

பழனியப்பன்

*

சிலிம் ரிவர் தோட்டம்,
25 ஜூலை 1926

அண்ணே,

கடுதாசியை விடியற்காலையில் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகும் வழியில் படித்தேன். அன்றைக்கு நான் வேலைக்குப் போகவில்லை. கங்காணி கத்தினார், கத்தட்டும்.

அது என் பிள்ளைதான். உனக்குத் தெரியாது, நீ பார்த்ததில்லை. லயத்துக்குப் பின்னால் நான் நாலு கடலைச் செடி போட்டிருந்தேன். சீனி தினமும் போய் ஒன்றைப் பிடுங்குவான். அடியில் காய் வந்துவிட்டதா என்று பார்ப்பான். வரவில்லை என்றால் திரும்பக் குழியில் வைத்து மண்ணைத் தட்டி, "தூங்கு" என்று சொல்லிவிட்டு வருவான். ஒரு செடியும் பிழைக்கவில்லை. நான் முதுகில் ஒன்று வைத்தேன். அந்தக் கையை இன்றைக்கு நினைத்தால் அடுப்பில் வைக்கத் தோன்றுகிறது. இது எனக்கு மட்டும் தெரிந்த விஷயம். மலைக்கு எப்படி வந்தது?

இங்கே ஆற்றோரத்தில் நான் தினமும் போய் உட்கார்ந்து பார்க்கிறேன். ஒன்றும் இல்லை. கனவில்கூட வரமாட்டேன் என்கிறான். அக்காவிடம் போயிருக்கிறான். அக்காவுக்கு அவன் சாகவில்லை, அதனால் அங்கே அவன் இருக்கிறான். இந்த உலகத்தில் என் பிள்ளை சாகாத இடம் செல்லாயியின் மனசு ஒன்றுதான். அதையும் கலைத்துவிடாதே. அவளை இங்கே அனுப்பாதே. லயத்துக்குள் கால் வைத்ததும் யாராவது வாயைத் திறந்து சொல்லிவிடுவார்கள்.

வரிசையில் களை எடுக்கும்போது பார்த்து எடு. வாடினதைப் பிடுங்கி எறியாதே. எதைத் தொட்டான், எந்தப் பக்கம், என்றைக்கு என்று ஒவ்வொன்றாக எழுது. கொஞ்சம் விதையும் அனுப்பு, இங்கேயும் போடுகிறேன். வந்தாலும் வருவான்.

நல்லம்மாள்

*

தைப்பிங் மலை,
15 ஆகஸ்ட் 1926

நல்லம்மா,

விதை இந்த உறையில் இருக்கிறது. இதை அனுப்புவது சரிதானா என்று எனக்குத் தெரியவில்லை. நீ கேட்டாய், அனுப்புகிறேன்.

மூன்று வாரத்தில் உன்னிடமிருந்து நாலு கடுதாசி. தபால்காரரைக் கண்டால் செல்லாயி கல் படியில் விழுந்தடித்து ஓடுகிறாள். நான் அவளுக்காகப் பாதி மறைத்துத்தான் படிக்கிறேன். தம்பி வரிசை எப்படி இருக்கிறது, தம்பி வரிசைக்குச் சாம்பல் போட்டாளா, தம்பி வரிசையில் கிழங்கின் தோள் வெளியே தெரிந்தால் மண் அணைக்கச் சொல். இவ்வளவுதான் இருக்கிறது. படித்து முடித்ததும் அவள் காகிதத்தின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கிறாள். "அவ்வளவுதானா மாமா?" என்கிறாள். நேற்று உன் பெயரில் ஒரு வரி நானே சேர்த்துப் படித்தேன். செல்லாயி வேளைக்குச் சாப்பிடுகிறாளா என்று அம்மா கேட்கிறாள் என்று. அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து போய்விட்டாள். பொய் சொல்ல எனக்கு இன்னும் வரவில்லை.

அவளுடைய வரிசை தொடையளவு தழைத்து நிற்கிறது. பிடுங்கும் காலம் எப்போதோ தாண்டிவிட்டது. பிடுங்கிச் சாப்பிடு என்றால் மாட்டேன் என்கிறாள். "அம்மா கேட்டா அனுப்பலாம்" என்கிறாள். அது மண்ணுக்குள் முற்றி வெடிக்கிறது. பிள்ளை இளைத்துக்கொண்டு வருகிறது. சமையல்காரர் நூஹு பாய் நல்ல மனுஷன், ரொட்டியில் ஜாம் தடவிக் கொடுத்துப் பார்க்கிறார், பாதியைத் தம்பிக்கு என்று பாத்தியில் வைத்துவிடுகிறாள்.

எனக்குப் பயமாக இருக்கிறது நல்லம்மா. போனவனை இங்கே பிடித்து வைக்கிறோம் என்று இருக்கிறவளை விட்டுவிடப் போகிறோம். ஒருதரம் வந்து பார்.

பழனியப்பன்

*

சிலிம் ரிவர் தோட்டம்,
28 அக்டோபர் 1926

அண்ணே,

இரண்டு மாதம் உன் கடுதாசிகளுக்குப் பதில் போடவில்லை. நான் காத்திருந்தேன்.

கடலை போட்ட அதே இடத்தில் விதையை நாற்றங்காலாகப் பாவினேன். நாலு இலை வந்ததும் கத்தரி நாற்றுக்குச் செய்வதுபோலத் தண்ணீர் காட்டி, ஒவ்வொன்றாகப் பிடுங்கி, பாத்தியில் இடம் விட்டு நட்டேன். வெயிலுக்குத் தென்னை ஓலை மறைப்புக் கட்டினேன். பாதி செத்தது. மிச்சம் நின்றது. தினமும் விடியும் முன் போய்ப் பார்ப்பேன். யாரும் பிடுங்கவில்லை.

நேற்று நானே ஒன்றைப் பிடுங்கினேன்.

அண்ணே, அதற்கு இரண்டு கால் இருக்கிறது. ஒரு காலை மடக்கி இன்னொரு காலை நீட்டியிருக்கிறது. சீனி அப்படித்தான் தூங்குவான். பக்கத்தில் கை மாதிரி ஒன்று நெஞ்சோடு ஒட்டிக் கிடக்கிறது. நான் சத்தம் போட்டுவிட்டேன். பிறகு கழுவினேன், வெந்நீரில் கழுவினேன், குளிருமே என்று. போன தீபாவளிக்கு எடுத்த அவன் சட்டையில் சுற்றி என் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். அவர் வேலை முடிந்து வந்து அதை விலக்கிப் பார்த்தார். வாசலில் போய் உட்கார்ந்து அழுதார். அவர் அழுது நான் பார்த்தது இதுதான் முதல் தடவை, புதைத்த அன்றைக்குக்கூட அழாத மனுஷன்.

மிச்சத்தைப் பிடுங்கவே எனக்குப் பயமாக இருக்கிறது. பிடுங்காமல் இருக்கவும் முடியவில்லை. நீ தோட்டக்காரன், சொல். அங்கே அவன் வரிசையிலும் இப்படி வருகிறதா? அவன் இன்னும் அங்கே வருகிறானா, இங்கே வந்துவிட்டானா?

செல்லாயியை அனுப்புகிறேன் என்று எழுதியிருந்தாய். வேண்டாம். அவள் இறங்கிவிட்டால் அங்கே அவனுக்கு யார் இருக்கிறார்கள்?

நல்லம்மாள்

*

தைப்பிங் மலை,
10 நவம்பர் 1926

நல்லம்மா,

இதை உட்கார்ந்து படி. மாப்பிள்ளையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படி.

முதலில் அந்தக் கிழங்கு. தப்பு என்னுடையது. விதை அனுப்பினவன் வளர்க்கும் முறையை எழுதவில்லை. நாம் கத்தரி, மிளகாய், நெல் எல்லாவற்றையும் நாற்று விட்டுப் பிடுங்கி நட்டே பழகிய சனம். காரட்டை மட்டும் போட்ட இடத்தைவிட்டு அசைக்கக் கூடாது. பிடுங்கி நடும்போது ஆணிவேரின் நுனி அறுந்துவிடும். பிறகு பக்கத்துக்கு ஒன்றாகப் பிரிந்து வளரும். அதுதான் கால், அதுதான் கை. நானும் முதல் வருடம் அப்படிச் செய்து ஒரு பாத்தி நிறைய விளைவித்து, துரைசாணியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அது கிழங்கு நல்லம்மா. உன் பிள்ளை இல்லை.

இரண்டாவது, வரிசை. உன் கடுதாசி வந்த அன்று, நீ என்னை அண்ணன் இல்லை என்றாலும் சரி, செல்லாயியிடம் சொல்லிவிடுவது என்று எழுந்து போனேன். மத்தியான மேகம் இறங்கியிருந்தது. அதே சலசலப்பு. இந்தத் தடவை நான் சத்தம் கொடுக்கவில்லை. கிட்டே போனேன். செல்லாயி முட்டி போட்டு உட்கார்ந்து தம்பி வரிசையில் ஒன்றைப் பிடுங்கினாள். அடியைப் பார்த்தாள். திரும்பச் செருகி, தட்டி, "தூங்கு" என்றாள்.

நாங்கள் பேசியதை அப்படியே எழுதுகிறேன்.

"நீதானா?" என்றேன்.

"ஆமா மாமா."

"ஏம்மா இப்படிச் செய்யிறே?"

"தம்பி இருந்தா இப்படித்தான் செய்வான்."

இருந்தா என்றாள். நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். "உனக்கு யாரு சொன்னா?"

"நீதான் மாமா. கடுதாசியப் படிச்சிட்டுக் கிழிச்சே. அப்புறம் சட்டையோட போய்த் தொட்டித் தண்ணியில தலை முழுகினே. எங்க லயத்துல செத்த சேதி வந்தா எல்லாரும் அப்படித்தான் செய்வாங்க."

அப்படித்தான் நல்லம்மா. வாயால் மறைத்துவிட்டேன் என்று ஒன்பது மாதமாக நினைத்திருந்தேன். இத்தனை சாவு பார்த்த தோட்டத்துப் பிள்ளை முன்னால் சாவுச் சேதியைக் கிழித்துத் தலை முழுகியிருக்கிறேன். அன்றைக்கு முறையை விட்டிருந்தால் பொய் நின்றிருக்கும். முறையை விட எனக்குத் தோன்றவே இல்லை.

"தெரிஞ்சும் ஏம்மா சொல்லல?"

"காச்சல் இறங்கிருச்சுன்னு நீ சொன்னே. உன் மூஞ்சியப் பாத்தா பாவமா இருந்துச்சு." மண்ணைக் கிளறினாள். பிறகு சொன்னாள், "அம்மா கடுதாசியே போடல. தம்பி வரிசைன்னு நீ எழுதினதும் போட ஆரம்பிச்சிருச்சு. தம்பி இல்லேன்னு எனக்குத் தெரியும்னு சொல்லிட்டா, அப்புறம் அம்மா எதுக்குக் கடுதாசி போடும்?"

இதற்குப் பதிலை நீயே சொல்.

மூன்றாவது, மை தீர்ந்துபோனதா என்று கேட்டிருந்தாய். பதில் சொல்லாமலே இருந்தேன். இப்போது சொல்கிறேன். ஒரு பிள்ளைதான் வைத்துக்கொள்ளலாம் என்று இங்கே யாரும் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை. ஒன்றைக் கேட்கவே பயந்து கையைக் கட்டி நின்றேன். துரைசாணி உடனே சரி என்றாள். இரண்டு என்று கேட்டிருந்தாலும் சரி என்றிருப்பாளோ என்னவோ. அந்த என்னவோ தினமும் விடியும்போது என் பாயில் எனக்கு முன்னால் எழுந்து உட்கார்ந்திருக்கிறது. பாத்தியில் விரல் தடத்தைப் பார்த்துப் பயந்தேன் என்றேனே, அவன் என்னைத் தேடித்தான் வந்திருக்கிறான் என்று பயந்தேன்.

நீ வருகிறாயா, நான் கூட்டிக்கொண்டு வரட்டுமா?

பழனியப்பன்

*

சிலிம் ரிவர் தோட்டம்,
16 நவம்பர் 1926

அண்ணே,

உன் கடுதாசியைப் படித்து முடித்ததும் என்னை அறியாமலே இரண்டு கையிலும் பிடித்துக் கிழிக்கப் போனேன். ஓரம் கொஞ்சம் கிழிந்தும்விட்டது. பிறகு நிறுத்தினேன். இது சாவுச் சேதி இல்லை. மடித்து வைத்திருக்கிறேன்.

அவர் சட்டையை விலக்கி அதை எடுத்து என் கையில் கொடுத்தார். சூம்பிப் போயிருந்தது. வேர் பிரிந்த கிழங்கு, அவ்வளவுதான். இரண்டு வாரத்துக்கு மேலாகத் தாலாட்டியிருக்கிறேன் அண்ணே, நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. சட்டையைத் துவைத்துக் காயப் போட்டேன்.

கடலைச் செடி விஷயம் எனக்கு மட்டும்தான் தெரியும் என்று எழுதியிருந்தேன் அல்லவா? அவன் பிடுங்கும்போது பக்கத்தில் ஓலைக் கூடையை வைத்துக்கொண்டு நின்றவள் செல்லாயி. அவனை அடித்தபோது குறுக்கே வந்து இரண்டு அடி வாங்கிக்கொண்டவளும் அவள்தான். அவள் அங்கே இருந்தாள் என்பதே எனக்கு ஞாபகம் வரவில்லை. பெற்றவளுக்கு ஞாபகம் வரவில்லை. உன் மையைக் குறை சொன்னேன். யாரை அனுப்புவது என்று நீ எழுதவில்லை. யாரை இடுப்பில் வைத்துக்கொள்வது, யாரை ரயிலேற்றுவது என்று நான்தான் முடிவு செய்தேன். எனக்கு யோசிக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அது அவளுக்கும் தெரிந்திருக்கும். ரயிலில் என்னைப் பார்த்துக்கொண்டேதான் போனாள்.

கங்காணியிடம் லீவு கேட்டேன். பேர் விழாது, கூலி கிடையாது என்றார், விழாமல் போகட்டும். சனிக்கிழமை ரயிலில் தைப்பிங் வருகிறேன். மலைப் படி ஏற அரை நாள் ஆகும் என்பாயே, ஏறிவிடுவேன். அடிவாரத்துக்கு அவளை அனுப்பாதே, மழையில் நிற்பாள். கூட்டிக்கொண்டு போகத்தான் வருகிறேன். அவள் என்னோடு வரமாட்டேன் என்றால், வருகிறேன் என்று சொல்லும்வரை அங்கேயே இருப்பேன். உன் கூரைக்குக் கீழே இரண்டு பேருக்கு இடம் உண்டா என்று இந்தத் தடவை கேட்டு வை.

இந்தக் கடுதாசியில் எதையும் மறைக்காமல் அவளிடம் முழுக்கப் படித்துக் காட்டு. நீயாக எதுவும் சேர்க்காதே. இனி வருவது அவளுக்கு.

செல்லாயி, உன் வரிசையில் எத்தனை இருக்கிறது? முற்றி வெடித்திருந்தாலும் பரவாயில்லை, பிடுங்காமல் வை. அம்மாவுக்கு அது வேண்டும்.

நல்லம்மாள்